அக்காவின் கூடாரத்தைப் பார்க்க வந்தவர்கள்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வாகன ஓட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஊர்ப் பெயரும் கிலோமீட்டரும்தான். சின்னக் கட்டத்துக்குள் அடங்கும் எழுத்துத்தான் என் கைக்குப் பழக்கம். கோடு போட்ட கொப்பியில் எழுத உட்கார்ந்தால் ஒரு எழுத்து மலை ஏறுகிறது, அடுத்தது பள்ளத்தில் இறங்குகிறது. சின்ன ரகரம் எங்கே, பெரிய றகரம் எங்கே என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்ததாக எழுதியிருப்பதில் பிழை இல்லை. அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நான் பேசத் தெரியாதவன். கடையில் பழைய பாண் ரொட்டியைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மனைவி அதைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்து மாற்றி வருவாள். வாகனம் ஓட்டும் தொழில் எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆட்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள். கண்ணாடியில் மட்டும் பார்த்தால் போதும். கண்டியில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பல வருடம் ஓடினேன். இங்கிலீஷ் காதால் மட்டும் பழகிவிட்டது. கேட்டால் பாதிக்கு மேல் விளங்கும். பேச வாய் வராது.

அதில் ஒரு வழிகாட்டியோடு மட்டும் ஐந்து வருடம் ஓடினேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், தமிழன். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். நன்றாக இங்கிலீஷ் பேசுவான். அவனுடைய அப்பா ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் முன்னால் என் அம்மா கூடையை இறக்கிவிட்டுத் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பிறகு கண்டி டவுனுக்குப் போய்விட்டார், இவன் டவுனில் பிறந்தவன். இதெல்லாம் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஐந்து வருடத்தில் என் ஊர் எது என்று அவன் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அம்பிட்டியவில் வாடகைக்கு இருக்கிற டிரைவர். அவ்வளவுதான் நான் அவனுக்கு.

என் ஊர் மடுல்கெல்லைக்கு மேலே ஒரு தோட்டம். என்னைவிட மூத்தவளான அக்கா இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். போன வருடம் நவம்பர் கடைசியில் பெய்த பெருமழையில் அவள் இருந்த லயத்தின், அந்த வரிசை வீடுகளின் மேல் மலை இறங்கிவிட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் வெளியே நின்ற நேரம் என்பதால் உயிர் தப்பியது. வீடு என்று சொல்ல இருந்த அந்த ஒற்றை அறையும், அதற்கு முன்னால் நின்ற கொய்யா மரமும், மாட்டுக் கொட்டிலும் சிவப்புச் சேற்றுக்குள் போயின. முதலில் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று அங்கிருந்து கிளப்பிவிட்டு, தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் நீலக் கூடாரம் அடித்துக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்தச் சொல் புதிது இல்லை. லயத்தையும் எங்கள் முப்பாட்டனுக்கு அப்படிச் சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பல்லேகல பக்கம் போயிருந்தேன். அங்கே கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கமாக இறங்கும் ஒரு வெறும் நிலத்தில் குறவர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஏழெட்டுக் கூடாரம், இரண்டு கழுதை, எண்ண முடியாத நாய்கள். பாம்பு ஆட்டுகிற, கைரேகை பார்க்கிற, ஊரூராகப் போகிற சனம். தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், நம்மோடு தமிழோ சிங்களமோ பேசுவார்கள். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கினேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பொம்பளை என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வாப்பா. கையைக் காட்டு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பொண்டாட்டிக்குப் பயந்தவன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஒனக்கு வீடு எங்க?"

"அம்பிட்டியில. வாடகை."

"சொந்த ஊரு?"

"மடுல்கெல்ல."

"அங்க வீடு இருக்கா?"

"இருந்துச்சு. மழைல போயிருச்சு. அக்கா இப்ப கூடாரத்துலதான் இருக்கா."

அவள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப நீ நம்ம ஆளுதான்! சொல்லக் கூடாதா? கையே காட்ட வேணாம் போ."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது கொஞ்சமும் சுடவில்லை. கூடாரத்தில் இருப்பவள் கூடாரத்தைப் பற்றிச் சொன்னாள். இங்கே எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று கேட்டேன்.

"ஏழு நாளு. அதுக்கு மேல ஒரே எடத்துல நின்னா காலு வேர் விட்ரும்."

அது அவர்களுடைய வழக்கம் என்று எனக்கு முன்பே தெரியும். எந்த இடமானாலும் ஏழு நாள்தான். நல்ல தண்ணீர் இருந்தாலும், ஊர்க்காரர் போகச் சொல்லாவிட்டாலும், எட்டாம் நாள் அங்கே அடுப்புக் கல்தான் கிடக்கும்.

வழிகாட்டி ஒரு வாரமாகவே குறவர்கள் எங்காவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக்காரர் நான்கு பேர், கோயில் பார்த்தாயிற்று, யானை பார்த்தாயிற்று, மலையில் திரிகிற நாடோடிச் சனத்தைப் பார்க்க வேண்டுமாம். நான் போனில் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் நான் அன்றைக்கு ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சனிக்கிழமையிலிருந்து ஏழு நாள் எண்ணிக்கொண்டேன். புதன்கிழமை கூட்டிப் போகலாம் என்று முடிவானது. அவர்கள் எந்த நாள் வந்து இறங்கினார்கள் என்று அந்தப் பொம்பளையிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் பார்த்த நாளையே முதல் நாளாக எண்ணிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் போனால் அங்கே ஒருவரும் இல்லை. கருகிய கற்கள், கழுதைச் சாணம், அறுந்த கயிறு. தெருவோரத் தேத்தண்ணீர்க் கடைக்காரர், நேற்றே போய்விட்டார்கள், எந்தப் பக்கம் என்று தெரியாது என்றார்.

நான்கு பேரும் வாகனத்துக்குள் இருந்தார்கள். ஒரு வயதான அம்மா, அவரோடு வந்த இரண்டு பெண்கள், குறிப்புப் புத்தகமும் கையுமாக ஓர் உயரமான மனிதர். வழிகாட்டி அவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே என்னிடம் தமிழில் பேசினான்.

"அண்ணே, நீங்களும் சிரிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிக்குங்க. என்னையக் கொன்னுட்டீங்க."

"அவங்க வந்த நாளை நான் கேக்கல."

"பரவாயில்ல. வண்டிய வத்துகாமம் பக்கம் விடுங்க. மேல போவோம்."

"மேல குறவங்க இல்லயே."

"டென்ட் இருக்கில்ல? மடுல்கெல்லப் பக்கம் ஒரு கிரவுண்ட் முழுக்க நீல டென்ட்டா டீவியில காட்டினாங்களே. இவங்களுக்கு என்னண்ணே தெரியப் போகுது? டென்ட்டு டென்ட்டுதான்."

பிறகு பின்னால் திரும்பி, அந்தச் சனம் மலை ஏறிவிட்டார்கள், இது அவர்கள் மலை ஏறுகிற காலம், நமக்கு அதிர்ஷ்டம், அவர்களுடைய மலை முகாமையே பார்க்கப் போகிறோம் என்று இங்கிலீஷில் சொன்னான். அந்த அம்மா கைதட்டினார்.

பல்லேகலவிலிருந்து வத்துகாமம், பிறகு பன்வில, பிறகு மடுல்கெல்லை. அவ்வளவு தூரமும் சாவி என் கையில்தான் இருந்தது. ஒரு இடத்தில் ஓரமாக நிறுத்தி, அது என் அக்கா இருக்கிற இடம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கே போனதும் அவனுக்கே வெட்கம் வந்துவிடும் என்று நினைத்தேன். கணக்கப்பிள்ளை மகன் ஆனாலும் தமிழன்தானே, அந்தச் சனத்தின் முகத்தைப் பார்த்த பிறகு வாய் வராது என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்ததை இப்போது நினைத்தால்கூட என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

மைதானத்தில் கால்பந்துக் கோல் கம்பங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருப்பார்கள். வெயில் ஏறினால் கூடாரத்துக்குள் இருக்க முடியாது, விடியற்காலையில் உள்ளே பனி சொட்டும். பக்கத்துக் கூடாரக்காரர்கள் வாசலில் கீரையும் மிளகாயும் நட்டிருக்கிறார்கள். அக்காவின் கூடாரத்துக்கு முன்னால் மட்டும் வெறும் மண். அவள் ஒரு செடியும் வைக்கவில்லை. நான் அம்பிட்டியவிலிருந்து கொண்டுபோன கறிவேப்பிலைக் கன்றைக்கூட வாங்க மறுத்து, மாரியம்மன் கோயில் பக்கம் நட்டுவிட்டாள்.

வாகனம் நின்றதும் முதலில் வெளியே வந்தது அக்காதான். என்னைப் பார்த்தாள், பிறகு இறங்குகிற வெள்ளைக்காரர்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஜனவரியிலிருந்து அங்கே வந்த வெளிநாட்டுக்காரர் எல்லாரும் ஏதாவது உதவி அமைப்பின் ஆட்கள்தான். பேர் எழுதிக்கொண்டு போவார்கள். தன் தம்பி இப்போது அப்படி நான்கு பேரைக் கூட்டிவந்துவிட்டான் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"வாறேன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா தம்பி? ரொட்டிக்கு மா கூடப் பெசையலயே," என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, "வாங்க வாங்க, உக்காருங்க," என்று அவர்களைக் கூப்பிட்டாள். பக்கத்துக் கூடாரங்களில் ஓடிப்போய் நான்கு பிளாஸ்டிக் கதிரைகள் வாங்கி வந்தாள். இஞ்சி தட்டித் தேத்தண்ணீர் ஊற்றினாள். கேத்தலை என் பக்கத்தில் வைத்தாள். எனக்குத் தெரியும், அவள் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வழிகாட்டி அவள் பக்கம் திரும்பி, "சொல்லுங்கம்மா. உங்க கஷ்டத்தை எல்லாம் சொல்லுங்க. நான் அவங்களுக்கு எடுத்துச் சொல்றேன்," என்றான்.

அக்கா நிமிர்ந்து நின்று சொன்னாள். "எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து இதே மலைதாங்க. வேற எடம் எங்களுக்குத் தெரியாது."

அவன் அதை, இவர்களுடைய முன்னோர் நூற்றாண்டுகளாக இந்த மலைகளில் அலைந்து திரிந்தவர்கள் என்று சொன்னான். உயரமான மனிதர் எழுதிக்கொண்டார்.

அவர் எழுதுவதைப் பார்த்து அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மழை பேஞ்சா தூக்கம் இல்லீங்க. பொட்டப் புள்ளைங்க இருக்குற எடம். தலைக்கு மேல நல்ல கூரை ஒண்ணு வேணும், காலுக்குக் கீழ எங்க பேர்ல நெலம் வேணும். பத்து பேர்ச் போதும்." ஒரு சின்ன வீட்டு அளவு நிலம்தான் அவள் கேட்டது.

அவன், கூரைக்குக் கீழே படுத்தால் இவர்களுக்குத் தூக்கம் வராது, நிலம் என்பது யாருக்கும் சொந்தம் இல்லை என்று நம்புகிறவர்கள் என்றான். அந்த அம்மா, எவ்வளவு அழகான நம்பிக்கை என்றார்.

நான் கூடாரக் கயிறு கட்டியிருந்த முளைக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் சொன்னதும் எனக்கு விளங்கியது, அவன் சொன்னதும் விளங்கியது. அங்கே நின்றவர்களில் இரண்டையும் முழுசாகக் கேட்டவர்கள் அவனும் நானும் மட்டும்தான். கேத்தல் மூடியை எடுத்துத் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியாது. என் அக்காவை ஒருவன் அவள் முன்னாலேயே விற்றுக்கொண்டிருக்கும்போது நான் மூடி துடைத்தேன்.

அந்த அம்மா பக்கத்துக் கூடாரங்களின் கீரைப் பாத்தியைக் காட்டி, பிறகு அக்காவின் வெறும் வாசலைக் காட்டி ஏதோ கேட்டார். இங்கே மட்டும் ஏன் செடி இல்லை என்று கேட்கிறார் என அவன் சொன்னான்.

"வெக்க மாட்டேங்க," என்றாள் அக்கா. "செடி வெச்சா, இவங்க இங்கயே நல்லா காலூனிட்டாங்கன்னு சொல்லி வீட்டுப் பட்டியல்லருந்து பேரை வெட்டிருவாங்க. எனக்கு வீடு குடுக்குற அன்னைக்கு, அந்த வாசல்லதான் மொதச் செடி வெப்பேன்."

வழிகாட்டியின் கண்ணில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. தேடாமலே கிடைத்துவிட்ட மாதிரி. உண்மையான நாடோடி ஒருநாளும் செடி வைக்க மாட்டாள், செடி வைத்தால் மனம் வேர் விட்டுவிடும் என்பது இவர்களுடைய பழைய வழக்கம், இந்த வழக்கத்தை இன்னும் காப்பாற்றுகிறவள் இவள் ஒருத்திதான் என்று அவன் விளக்கினான். அவள் அடம்பிடித்து, அக்கம்பக்கத்தாரின் பேச்சு வாங்கிக்கொண்டு, வெயிலில் வெறும் மண்ணைக் காத்துக்கொண்டிருந்தது வீட்டுக்காக. அதையே எடுத்து அவளுக்கு வீடே வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக்கிவிட்டான்.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் கழுத்திலிருந்த துணியை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். படம் எடுத்தார்கள். அக்காவும் கண்ணைத் துடைத்தாள். இருவரும் அழுதார்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயத்துக்காக. அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய். கொஞ்சம் இருக்கிறது. கண்முன்னே மலை சிவப்பாகப் பிளந்து கிடக்கிறது. அது என்ன என்று நான்கு பேரில் ஒருவருக்குமா கேட்கத் தோன்றவில்லை?

கிளம்பும்போது அக்கா வாகன ஜன்னல் பக்கமாக வந்தாள்.

"தம்பி, அந்த ஒசரமான ஐயா எம்பேர எழுதிக்கிட்டாரா?"

அவர் எழுதியதில் அவள் பெயர் இல்லை. அவள் பெயரை யாரும் கேட்கவேயில்லை.

"எழுதிக்கிட்டாரு," என்றேன்.

மலை இறங்கும்போது வழிகாட்டிக்குப் பேச்சு தாங்கவில்லை. "குறவன் போனா போறான்ணே. அந்த டென்ட்டுக்கார அம்மா பத்துக் குறத்திக்குச் சமம். செடி வெக்க மாட்டேன்னு சொன்னா பாருங்க, அடிச்சு வச்ச மாதிரி!"

"அது என் அக்கா," என்றேன்.

அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று மறுபடியும் நினைத்தேன். நான் திருந்தாத முட்டாள்.

"அடப்பாவி அண்ணே! முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? இன்னும் நல்லா பண்ணியிருக்கலாமே. ரெண்டு பொம்பளைங்களுக்குப் பாசிமணி கட்டி விட்டிருக்கலாம்."

மண் சரிந்த இடத்துக்கு எதிரே வாகனத்தை நிறுத்தினேன். இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் ஒன்றுசேர்த்தேன். அந்த அம்மாவைப் பார்த்து, "மேடம், தட் லேடி, மை சிஸ்டர்," என்றேன். சிவப்பு மண்ணைக் கையால் காட்டி, "தேர்," என்றேன். அடுத்து வீடு என்று சொல்ல வேண்டும், மழை என்று சொல்ல வேண்டும், அவன் சொன்னது அத்தனையும் பொய் என்று சொல்ல வேண்டும். நான்கு முகங்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தன. அவ்வளவுதான். நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே நின்றது.

அவன் அந்த இடைவெளிக்குள் புகுந்துவிட்டான். எங்கள் டிரைவரும் அந்தச் சனத்தில் பிறந்தவர்தான், இத்தனை நாள் வெட்கப்பட்டு மறைத்துவைத்தார், உங்கள் அன்பைப் பார்த்து இப்போது மனம் திறந்துவிட்டார், தான் பிறந்த மலையைக் காட்டுகிறார் என்றான்.

நான்கு பேரும் கைதட்டினார்கள். என்னைச் சிவப்பு மண்ணுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் நின்றேன். அந்தப் படம் ஏதோ ஒரு குளிர் நாட்டில் யாருடைய போனிலோ இருக்கும். அதில் நான் சிரிக்கவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

மறுநாள் வாகன முதலாளியிடம் போய், இனி அந்த வழிகாட்டியோடு போக மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். சொல்ல வாய் வரவில்லை. அப்படியென்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்றார். வைத்துவிட்டு வந்தேன். இப்போது பல்லேகல கைத்தொழில் பேட்டைக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறேன். அவர்கள் தூங்கிக்கொண்டே வருவார்கள், தூங்கிக்கொண்டே போவார்கள். எனக்கு அது போதும்.

ஆனால் அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்டாள். "அந்த ஐயா கிட்டருந்து ஏதும் சேதி உண்டா?" நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம் என்றேன். கிராம சேவகர் புதிய பட்டியல் எழுத வந்தபோது, வெளிநாட்டுக்காரர் வந்து தன் பேரை எழுதிப் போயிருக்கிறார்கள் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறாள். பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் வழக்கத்துக்கு மாறாகச் செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"ஒன்னோட வந்தானே, அவன் வேற வேன்ல வேற ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வந்தான். ஒரு வெள்ளைக்காரி எங்கிட்டக் கையை விரிச்சு நீட்டுறா. அவன் சொல்றான், சும்மா எதையாவது சொல்லுங்கம்மான்னு. நான் என்ன குறி சொல்றவளா? என்ன நடக்குது தம்பி?"

"ஞாயித்துக்கெழம வாறேன்," என்றேன்.

இன்று விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். கூடாரத்துக்கு வெளியே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், அரிசியைப் பார்த்துக்கொண்டே முழுக்கச் சொன்னேன். அவள் சொன்னது இது, அவன் சொன்னது இது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் யார் மகன் என்பதையும் சொன்னேன். சுளகு நின்றுவிட்டது.

"அப்ப நீ எங்க நின்ன?"

"இங்கதான்."

"இங்கன்னா?"

முளையைக் காட்டினேன். அவள் அந்த முளையையும் தான் அன்றைக்கு நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலடிகூட இருக்காது.

"அவன் பேசுன இங்கிலீசு ஒனக்கு வெளங்குச்சா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் வெளங்குனவன் கொஞ்சம் பேசியிருக்கலாமில்ல?"

நான் சுளகிலிருந்து சிந்திய அரிசியைப் பொறுக்கினேன்.

"அவன் கணக்கப்புள்ள மகன். அவன் அப்பன் கொழுந்து நெறுவையில அடிச்சான், இவன் பேச்சுல அடிச்சான். அது அவங்க பரம்பரைத் தொழிலு. அவன விடு. நீ ஏன்டா என்கிட்ட எழுதிக்கிட்டாருன்னு சொன்ன? நான் நெசமா காத்துக்கிட்டிருந்தேனேடா."

பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பொம்பளை எட்டிப் பார்த்தாள். அக்கா குரலை இறக்கவில்லை.

"குறத்திய நான் கேவலமா சொல்லல. அவ ஏழு நாள்ல கெளம்புவா. அவ கூடாரம், அவ இஷ்டம், அவ கழுத. எனக்குப் போகவும் எடமில்ல, இருக்கவும் எடமில்ல. என்னயப் போயி வேர் வேணாம்னு சொன்னவளா ஆக்கிட்டீங்களே ரெண்டு பேரும்."

ரெண்டு பேரும் என்றாள். எழுந்து அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கினாள். சூடு தாங்கப் பிடித்திருந்த கரித்துணி, அந்த அம்மா கழுத்தில் போட்டுவிட்டுப் போன துணி. தேத்தண்ணீரை என் முன்னால் வைத்தாள்.

"கொப்பி வாங்கிக்க," என்றாள். "நான் ரெண்டாம் வகுப்போட நின்னு கூடை தூக்கினது நீ அஞ்சு வரைக்கும் படிக்கத்தான். வாய்தான் ஒனக்கு இல்ல, கையாவது இருக்கில்ல? அன்னைக்கு யாரும் எழுதாதத நீ எழுது. நான் சொன்னத, சொன்ன மாதிரியே எழுது. அவன் சொன்னதையும் எழுது. நீ மூடி தொடச்சதையும் எழுது. கிராம சேவகர் கிட்டக் குடுப்பேன், தோட்டத்துத் தொரை கிட்டக் குடுப்பேன், இனிமே எவன் படம் புடிக்க வந்தாலும் மொதல்ல இதப் படிச்சுட்டுப் புடின்னு சொல்லுவேன்."

மடுல்கெல்லைக் கடையில் கொப்பி வாங்கினேன். அவள் கூடாரத்துக்கு முன்னால், அந்த வெறும் மண்ணில் கதிரை போட்டு உட்கார்ந்துதான் இவ்வளவையும் எழுதியிருக்கிறேன். அவள் அடுப்பு வேலைக்கு நடுவே வந்து வாசித்துக் காட்டச் சொல்கிறாள். இரண்டு இடத்தில் நான் என்னைத் தப்பிக்க வைத்து எழுதியிருந்தேன். கண்டுபிடித்துக் கோடு போட்டு அடிக்க வைத்தாள். அந்த அடிப்புகளுக்கும் மன்னிக்க வேண்டும்.

இனி வருவது அவள் அன்று சொன்னது. மொழிபெயர்ப்பு இல்லை.

எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இதே மலைதான். வேறு இடம் எங்களுக்குத் தெரியாது. மழை பெய்தால் தூக்கம் இல்லை. பெண்பிள்ளைகள் இருக்கிற இடம். தலைக்கு மேல் நல்ல கூரை ஒன்று வேண்டும். காலுக்குக் கீழே எங்கள் பெயரில் நிலம் வேண்டும். பத்து பேர்ச் போதும். செடி வைக்க மாட்டேன். செடி வைத்தால், இவர்கள் இங்கேயே நன்றாகக் காலூன்றிவிட்டார்கள் என்று சொல்லி வீட்டுப் பட்டியலிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். எனக்கு வீடு கொடுக்கும் அன்றைக்கு அந்த வாசலில் முதல் செடி வைப்பேன்.

விலாசம் எழுத வேண்டும் என்றேன். லயத்துக்கே விலாசம் இருந்ததில்லை, கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்: தோட்டத்து விளையாட்டு மைதானம், கோயில் பக்கத்துக் கோல் கம்பத்திலிருந்து மூன்றாவது கூடாரம், வாசலில் செடி இல்லாதது, மடுல்கெல்ல.

2026 மே மாதம் 10ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.